வாசல் ஏறி அழைத்தவர்

தபாலில் போனால் படிப்பார்கள், வர மாட்டார்கள் என்பார் அக்கா. அதனால் மியூசியம் டைரக்டர் அச்சடித்துக் கொடுக்கும் அழைப்பிதழ்களில் பாதியைத் தபாலுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். புத்தூர், நகரி, விஜயபுரம், சில சமயம் சித்தூரைத் தாண்டி கங்காதர நெல்லூர் வரைக்கும் போவார். பையில் ஒரு சின்னப் பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ் இருக்கும். அழைக்கப் போகிற வீட்டுக்கு நாலு வீடு முன்பாகவே நின்று தட்டை எடுப்பார். வெற்றிலையைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்து, அதன்மேல் அழைப்பிதழை வைப்பார். பிறகு வாசலுக்குப் போய் வீட்டுக்காரரின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் வெளியே வந்ததும் இரண்டு கையாலும் தட்டை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை நம் மியூசியத்தில் விசேஷம், நீங்கள் வந்தால்தான் ஆரம்பிப்போம் என்பார்.

அவர்களில் பல பேர் மியூசியம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். விசேஷம் என்ற சொல் மட்டும் புரியும். யார் வீட்டு விசேஷம் என்று கேட்பார்கள். நம் வீட்டு விசேஷம்தான் என்பார் அக்கா.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்தது அந்த ஓவிய அருங்காட்சியகம். இரண்டு பெரிய கூடங்களில் ஓவியங்கள், வராந்தாவில் சிலைகள், பின்னால் ஒரு நிகழ்ச்சி மண்டபம். மலைக்குப் போகிற ஜனம் நாள் முழுக்க வெளிச் சாலையில் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அக்கா எனக்கு முன்பே நிகழ்ச்சி உதவியாளராக இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்கா. மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும், அதற்கு மக்கள் வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எந்த மக்கள் என்று உத்தரவில் சொல்லவில்லை. அதை அக்காவே முடிவு செய்துகொண்டார்.

என்னையும் ஊர் ஊராக அழைத்துப் போவார். முதல் தடவை எதற்கு நான் என்று கேட்டேன். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அவர் கையால் குங்குமம் கொடுத்தால் சில வீடுகளில் தயங்குவார்கள். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரி சொன்னார்.

"தட்டு நான் நீட்றேன், குங்குமம் நீ குடு தங்கச்சி. வரவங்க மனசுல ஒரு முள்ளு இருக்கக் கூடாது."

இப்படித்தான் என் சொந்த வீட்டுக்கே நான் அழைப்பிதழோடு போக நேர்ந்தது. நகரியில் எங்களுக்கு நாலு பவர்லூம். என் அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசி, தெருவில் நடக்கும்போதும் கத்தித்தான் பேசுவார். நெசவுக்காரர்களுக்காக ஒரு நாள் வைத்திருக்கிறோம், பழைய துணிகளைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், வந்து பார்க்க வேண்டும் என்றார் அக்கா. துணியைச் சுவரில் மாட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நைனா கத்தினார். என்ன இருக்கிறது என்று நீயே வந்து சொல் நைனா, எங்கள் டைரக்டருக்கும் தெரியவில்லை என்றார் அக்கா. நைனா சிரித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டுத் தெருவே வந்தது. சொற்பொழிவு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நைனா முதல் வரிசையில் நன்றாகத் தூங்கிப்போனார். எனக்கு மானம் போயிற்று. அக்கா பக்கத்தில் போய் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

வந்தால்தான் ஆரம்பிப்போம் என்று சொன்னதைச் சும்மா பேச்சுக்குச் சொன்னதாக அக்கா நினைக்கவில்லை. ஒரு தடவை விஜயபுரம் பக்கத்திலிருந்து வர வேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டது. ஹைதராபாத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் மேடையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டைரக்டர் கண்ணால் அக்காவைத் தேடுகிறார். அக்கா மண்டப வாசலில் சாலையைப் பார்த்தபடி நிற்கிறார். அசையவே இல்லை. கடைசியில் புழுதியோடு அந்த ஜனம் வந்து இறங்கி, கை கால் கழுவி, உள்ளே உட்கார்ந்த பிறகுதான் மைக்கை ஆன் செய்யச் சொன்னார். டைரக்டர் அன்றைக்கு ரொம்பக் கோபித்துக்கொண்டார். அக்கா பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமும் அப்படியே செய்தார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கங்காதர நெல்லூரிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். அக்கா விஜயபுரம் மண்டலத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவர். அந்தக் குடும்பத்துக்கு அப்போது கையளவு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஊர்க்காரர்கள் வயலில் கூலி வேலை. ஊருக்குள் கல்யாணம் என்றால் காலனிக்கும் அழைப்பு உண்டு. அது எப்படி வரும் என்றால், ஒரு ஆள் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், கடைசிப் பந்தி முடிந்ததும் வாங்க என்று பொதுவாக ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போவான்.

"யாரு பேரையும் சொல்ல மாட்டான். எங்க நைனா பேரு எவ்ளோ நல்ல பேரு. வாசல்ல வந்து அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்ட்டதில்ல. அவரு செத்தே பூட்டாரு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் காலனியில் அவருக்கு ஒரு தம்பி இருந்தார். அக்காவைவிட நாலைந்து வயது இளையவர். கணவர் போன பிறகு அக்கா திருப்பதியில் விடுதியில் தங்கி எம்.ஏ. படித்தபோது, கைக்குழந்தையாக இருந்த மகளை வளர்த்தது அந்தத் தம்பிதான். மாமன் தோளில் உட்கார்ந்துதான் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனாள். மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும் என்பதால், அவள் நடக்கிற வயது வந்த பிறகும் தூக்கிக்கொண்டு போவாராம். பிற்பாடு அரசாங்கம் கொடுத்த கொஞ்சம் நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

தன் ஊருக்கு முதன்முதலாக அழைக்கப் போனபோது, அக்கா தம்பி வீட்டு வாசலிலும் தட்டோடுதான் நின்றார். எனக்கு எதுக்குக்கா தட்டு என்று அவர் வெட்கப்பட்டார். ஒனக்குத்தான் மொதல்ல என்றார் அக்கா. மியூசியத்துக்கு வந்த அன்று தம்பி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அக்கா இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அன்றைக்கு முழுக்க அவர் ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு குளமும் இரண்டு எருமைகளும் இருக்கிற படம் அது. சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும் வந்தார். வந்ததும் நேராக அந்தப் படத்திடம் போவார்.

நாற்காலி விஷயத்தையும் சொல்ல வேண்டும். சுவர்ச் சித்திரம் வரைகிற பெண்களுக்கான நிகழ்ச்சி அது. துணைவேந்தர் வருகிறார் என்பதால் முன்னால் நாற்காலிகள் போட்டு, பின்னால் கிராமத்துப் பெண்களுக்கு ஜமுக்காளம் விரிக்கச் சொன்னார் டைரக்டர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர்களுக்குத் தரையில் உட்காருவதுதான் வசதி என்று நிஜமாகவே நம்பினார். அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், வாட்ச்மேனை வைத்து நாற்காலி முழுவதையும் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார். துணைவேந்தர் வந்தார். சுற்றிப் பார்த்தார். முட்டிவலியோடு மெல்ல ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது சரி, எழுந்திருக்க முடியவில்லை. அக்காவின் தம்பியும் இன்னொருவரும் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த மனிதர் பெருந்தன்மையாகச் சிரித்ததால் அக்காவின் வேலை தப்பியது. அன்று மாலை நாங்கள் இரண்டு பேரும் கிடங்கில் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அக்காவின் மகள் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தாள். எங்கள் பக்கத்திலிருந்து ஜனம் வெளியே போகத் தொடங்கியிருந்த காலம். ஏழை வீடுகளிலிருந்து வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் குவைத்துக்குப் போனார்கள். படித்த பிள்ளைகள் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து அமெரிக்காவுக்குப் போனார்கள். அவளும் அப்படிப் போனாள். அவள் போன மறுவருடம் அக்கா ஒரு நிகழ்ச்சி வைத்தார். வீட்டில் யாராவது வெளிநாடு போயிருந்தால், அவர்கள் விட்டுப் போன பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள், கூடத்தில் வைத்துப் பார்ப்போம், அவர்களைப் பற்றிப் பேசுவோம் என்று வீடு வீடாகப் போய் அழைத்தார். கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு அம்மா, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளின் தலைப்பின்னல் குஞ்சலத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் மகனுடைய துருப்பிடித்த சைக்கிள் மணியைக் கொண்டுவந்தார். மேஜை நிறைந்துவிட்டது. நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"தேடிப் பாத்தேன் தங்கச்சி. அவ ஒண்ணும் விட்டுட்டுப் போவல. எல்லாத்தையும் எடுத்துக்கினு பூட்டா."

பெருமையாகத்தான் சொன்னார்.

அக்கா வீட்டில் டெலிபோன் இல்லை. மகள் மியூசியம் ஆபீசுக்குத்தான் பேசுவாள். கூட வேலை பார்க்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டதை அவள் அப்படித்தான் சொன்னாள். அங்கேயே பதிவுத் திருமணம், முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சித்தூரில் கிரானைட் ஏற்றுமதி செய்கிற பெரிய குடும்பத்துப் பையன். அக்கா ஒரு நிமிடம் போனைப் பிடித்தபடி நின்றுவிட்டு, நல்லா இருங்கம்மா என்றார். எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். வருகிற தை மாதம் இரண்டு பேரும் இங்கே வருகிறார்கள், பையன் வீட்டார் திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு வைக்கிறார்கள் என்றதும் அக்காவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போய்த் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தார். தாய்மாமன் சீர் எடுக்க வேண்டும், காலனியிலிருந்து இரண்டு வேன் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களாம். அழைக்க வேண்டிய வீடுகளை என்னிடம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் நடத்தியதெல்லாம் இந்த ஒரு விசேஷத்துக்கு ஒத்திகை மாதிரி இருந்தது அவர் பேச்சு.

வரவேற்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது மறுபடி போன் வந்தது. நான் டைப் செய்துகொண்டிருந்தேன். எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. சொல்லும்மா. சரிம்மா. புரியுதும்மா, அவங்க பெரிய எடம். சரிம்மா, காலனில யாரையும் கூப்டல. நான் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

"மாமாவையுமா?" என்றார் அக்கா.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா போனை வைத்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனார். அங்கே ஒருவரும் இல்லை. அடுத்த நிகழ்ச்சிக்காக மடித்து வைத்திருந்த ஜமுக்காளங்களைப் பிரித்து, மறுபடி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்க் கூட நின்றேன். நாளைக்கு என்னோடு ஊருக்கு வா என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் போனோம். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, பைகூட எடுத்து வரவில்லை. காலனியில் நுழைந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு, வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அக்கா சிரிக்க முயன்றார். தம்பி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி வேகவைத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஒவ்வொரு கடலையாக உரித்துக்கொண்டே இருந்தார். எதையும் வாயில் போடவில்லை. எத்தனையோ வீடுகளின் முன்னால் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பேசிய மனுஷி அவர். அங்கே வாய் திறப்பார், மூடுவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பேசியது தம்பிதான்.

"யக்கா, அன்னிக்கி எனக்கு அறுப்பு விழுந்திடுச்சிக்கா. ஆளு சொல்லிட்டேன். நான் வந்தா வேல கெட்டுப் பூடும். நீ போயிட்டு வா. மாமன் கேட்டான்னு பாப்பா கிட்ட சொல்லு."

அக்கா தலையசைத்தார். காலனிக்காரர்களுக்கும் தானே சொல்லிக்கொள்வதாகத் தம்பி சொன்னார். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் நகரும் வரை நின்றார். ஊர் எல்லை தாண்டியதும் அக்கா என் தோளில் சாய்ந்தார்.

"அவன் வயல்ல அறுப்பு போன வாரமே முடிஞ்சிடுச்சி. வரும்போது பாத்தியா? தாளு மட்டும்தான் நின்னுக்கினு இருந்திச்சி."

வரவேற்புக்கு அக்கா தனியாகத்தான் போனார். அங்கே நடந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார். ஓட்டல் வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய பெண்கள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு பெண் மரியாதையாக, மாப்பிள்ளை தரப்பா, பெண் தரப்பா மேடம் என்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள். அக்கா யூனிவர்சிட்டி என்று சொல்லியிருக்கிறார். ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

"பொண்ணு வூட்டுக்குன்னு முன்னாடி ரெண்டு வரிச சேரு போட்டு வச்சிருந்தாங்க. ஒருத்தரும் இல்ல. பொண்ணு வூடுன்னு சொன்னா அங்கதான கூட்டிக்கினு போவாங்க? நான் ஒருத்தி அத்தினி சேர வச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?"

பையன் வீட்டார் அழைத்திருந்த பல்கலைக்கழக ஆட்களோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார். மகள் மேடைக்குக் கூப்பிட்டபோது ஏறினார். அவள் அக்காவின் கையை விடவே இல்லையாம், கை சில்லென்று இருந்ததாம். எங்கள் அம்மா, யூனிவர்சிட்டியில் ஆபீசர் என்று அவள் அறிமுகப்படுத்தினாள். படம் எடுத்தார்கள். அக்கா சாப்பிடாமல் வந்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் வாயைப் பொத்தாத குறை.

"அவளத் திட்டாத. அவ பயந்துக்கினு இருக்கா. பயமில்லாத எடத்துல அவள நான் வளக்கல."

அதன் பிறகும் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், இரண்டு கையாலும் நீட்டுவார். ஆனால் நீங்கள் வந்தால்தான் ஆரம்பிப்போம் என்று சொல்வதை விட்டுவிட்டார். முடிந்தால் வாருங்கள் என்றார். அவர் அதைச் சொன்ன முதல் தடவை எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்தேன். தன் ஊருக்கு மட்டும் போகவில்லை. அந்த அழைப்பிதழ்களைத் தபாலில் போட்டார். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. எருமைப் படத்தின் முன்னால் அக்கா சில நாள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மியூசியமும் மாறியது. நிகழ்ச்சிகளுக்கு ஒரு கம்பெனி பணம் கொடுக்கத் தொடங்கியது. மண்டபத்துக்கு ஏசி வந்தது. புதிதாக வந்த டைரக்டர் அழைப்பை ஈமெயிலில் அனுப்பச் சொன்னார். அக்கா ஓய்வு பெற்ற அன்று சின்ன விழா வைத்தோம். அவர் யாரையும் அழைக்கவில்லை. நாங்கள் ஆபீஸ்காரர்கள் மட்டும்தான்.

மகளுக்குப் பிரசவம் என்று அமெரிக்கா புறப்பட்டார். அதற்குள் என் வீட்டில் டெலிபோன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். குழந்தை பெண், தம்பி ஜாடை என்றார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, போன் செய்யாமல் கதவைத் தட்டக் கூடாதாம் என்றார். ஆனால் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டிய அன்றைக்கு, மகள் கடைக்குப் போன நேரம் பார்த்து, அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். வெற்றிலை கிடைக்காததால் தட்டில் ஆப்பிள் வைத்து நீட்டினாராம். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா மட்டும் வந்தாராம், சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தாராம். அதைச் சொன்னபோது அக்காவின் குரல் பழைய குரலாக இருந்தது. உங்களுக்கு அந்த அம்மா பேர் தெரியுமா என்று கேட்டேன். பேர் கேட்காமல் இருப்பேனா என்று சிரித்தார். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஒரு புதன்கிழமை காலையில் மகள் எனக்குப் போன் செய்தாள். தூக்கத்திலேயே அக்காவின் உயிர் போய்விட்டதாம், மாரடைப்பு. தகனமும் முடிந்துவிட்டது என்றாள். இரண்டு நாளாக யாரிடமும் பேச முடியவில்லை ஆன்ட்டி என்று அழுதாள். பிறகு, மாமாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

அடுத்த பஸ்ஸில் போனேன். தம்பி வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகப் பார்த்ததுமே செம்பைக் கீழே வைத்துவிட்டார். சொன்னேன். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். எரித்துவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம் என்று யாருக்கோ விளக்குவது போல மெதுவாகச் சொன்னார். அமெரிக்கா போவதற்கு முந்தின நாள் அக்கா அங்கே வந்திருந்ததை அப்போதுதான் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வந்து சோறு தின்றாராம். இவரும் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் மியூசியத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அக்கா உட்கார்ந்த மேஜையில் இப்போது ஒரு பையன் கம்ப்யூட்டரோடு இருந்தான். அவர் என் முன்னால் வந்து நின்று பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புடவை. பொறந்த வூட்டுக் கோடிம்மா என்றார். ஒரு பெண் எங்கே வாழ்ந்து செத்தாலும், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகிற அந்தப் புதுத்துணியைப் போர்த்தித்தான் எடுக்க வேண்டும். அக்காவுக்கென்று அவருக்குத் தெரிந்த ஒரே முகவரி எங்கள் மியூசியம்.

"கலருதான் வாங்கினேன். வெள்ள வாங்க மனசு வரல."

பச்சைப் புடவை, மாம்பழ நிறக் கரை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவரை வெளியே அழைத்துப் போனேன். பாப்பாவிடம் பேச வேண்டும் என்றார். எதிரே இருந்த டெலிபோன் பூத்தில் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். அங்கே ராத்திரி. அவள் எடுத்தாள். மாமன் பேசறேன்மா என்றவர் வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். அவள் அழுவது எனக்கு வெளியே வரை கேட்டது.

"அம்மாவுக்கு இன்னா பொடவ கட்டி அனுப்பிச்ச?" என்று கேட்டார்.

அவர் காத்திருந்தார். பிறகு அவரே, சரி விடு, அழாத, கொழந்தைக்குப் பால் குடுக்கறவ அழக் கூடாது என்றார். குழந்தை நன்றாக இருக்கிறதா, தூங்குகிறதா என்று கேட்டார். போனை வைப்பதற்கு முன் கடைசியாகச் சொன்னார்.

"ஊர்ப் பக்கம் வந்தா வூட்டுக்கு வாம்மா. அவரையும் கூட்டிக்கினு வா. மாமன் வூடு இருக்குது."

கோடிப் புடவையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆட்டோ பிடித்துப் புத்தூர் சாலையில் போனோம். சுவர்ணமுகிப் பாலம் வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு இடத்தில் மண்டியிட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தார். ஆழம் போகப் போக மணல் ஈரமாக வந்தது. ஆள் உயரத்துக்குக் குழியை நீட்டினார். புடவையைப் பிரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, குழியின் நீளத்துக்கு உள்ளே விரித்தார். தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று பார்த்து முந்தானையைத் தெற்குப் பக்கமாக வைத்தார். யக்கா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, நீயும் போடும்மா என்றார்.

நான் மூன்று கை மணல் போட்டேன். அவர் மெதுவாக மூடினார். புடவையின் கரை கடைசியில்தான் மறைந்தது. புத்தூர் பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் என்று சொன்னேன். தெரியும் என்று தலையசைத்தார். எழுந்திருக்கவில்லை.